வேதக்காரர் வீட்டு மாப்பிள்ளை

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில், ஒன்பதாம் வகுப்புக்கு மின்தடை பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து அடுத்தடுத்து இரண்டு அழைப்புகள். பள்ளிக்கூட நேரத்தில் அவள் கூப்பிடுபவள் இல்லை. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "தம்பி, அவிய போயிட்டாவ. குளிச்சிட்டு, ஜும்மாவுக்குச் சட்டை எடுத்துக் குடுன்னாவ. எடுத்துட்டு வாரதுக்குள்ள நாற்காலியிலேயே சாஞ்சிட்டாவ" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்ச் சேரும்வரை, அந்தச் சட்டை என்ன நிறமாக இருந்திருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நாகூர் கனியைச் சுந்தரபாண்டியம், கூமாப்பட்டி விவசாயிகள்வரை அறிவார்கள். அவர்களுக்கு அவர் மோட்டார்க்காரர். எனக்கு, என் அக்கா ஜெசிந்தாவின் கணவர். நாங்கள் கிறிஸ்தவர்கள். இந்த ஊர்ப் பக்கம் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு என்பதை அவர் மூலம்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா ராஜபாளையத்தில் நர்சாக இருந்தாள். விரலில் மூன்று தையல் போட்டுக்கொள்ள வந்தவர், தையல் பிரித்த பிறகும் வந்துகொண்டிருந்தார். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் அப்பா பேச்சை நிறுத்தினார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நேராக அவருடைய மோட்டார் கடைக்குப் போய், "எங்க அக்காவ மதம் மாத்தத்தான பாக்கீங்க?" என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அதுக்கு அவசியமில்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். வாங்க, ரெண்டு பேருமா அசரத்தைப் பாத்துக் கேட்டுருவோம்."

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் பெரியவரைத்தான் அசரத் என்றார். அவர் எங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்து நிதானமாகச் சொன்னார். "உங்களை குர்ஆன் வேதக்காரங்கன்னுதான் சொல்லுது, தம்பி. ஈசா நபிக்கு, அதான் உங்க இயேசுவுக்கு, வந்த இன்சீலை நாங்க இறைவேதம்னு நம்புதோம். ஈசா நபியையும் அவிய தாயார் மர்யமையும் மதிக்காதவன் முஸ்லிமே இல்ல. அதனால வேதக்காரப் பொண்ணை எங்க பையன் அவ மார்க்கத்துலயே வச்சுக் கட்டலாம். மாதா கோயிலுக்குப் போகாதேன்னு அவளைச் சொல்லப்படாது. பிள்ளைக மட்டும் முஸ்லிமா வளரணும்."

"அப்போ உங்க வீட்டுப் பொண்ணை நான் கட்டலாமா?"

"அது கூடாது. நாங்க உங்க நபியை ஏத்துக்கிடுதோம். எங்க நபியை நீங்க ஏத்துக்கிடலையே. உங்க வீட்டுல அவ ஈமானுக்கு, அவ நம்பிக்கைக்கு, யாரு பொறுப்புன்னு பெரியவங்க கேக்காங்க."

அவருடைய வண்டியிலேயே திரும்பினோம். கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க கடைசியாக் கேட்டது நல்ல கேள்வி. அசரத் சொன்ன பதில் எனக்கு முழுசா இறங்கல. இறங்கலைங்கிறதுக்காகத் தப்புன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். அவரை அத்தான் என்று நான் கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். நிக்காஹுக்கு அப்பா போகவில்லை. நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கோயிலில் விடுவார். பெரிய வெள்ளியன்று ஒரு மணிக்கு ஜும்மா, மூன்று மணிக்கு அக்காவின் ஆராதனை. ஒரு வருடம் வெயில் கடுமையாக இருந்ததால் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ளே, எங்க நம்பிக்கையில ஈசா நபி சிலுவையில சாகல. அல்லா தங்கிட்ட உசத்திக்கிட்டான். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா வருசாவருசம் கேக்கிற கதைக்கு இம்புட்டுப் பேருக்கும் எப்படி அழுகை வருது?"

"தெரியல அத்தான். எனக்கு வரல."

"பாத்தேன்" என்றார்.

அவர்களுக்கு ஒரே மகள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மர்யம் என்று பெயர் வைத்தார்கள். முஸ்லிமாகத்தான் வளர்ந்தாள். படித்து மதுரையில் வேலைக்குப் போனவள், கூடவே வேலை பார்க்கும் ஆல்பர்ட்டைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஆல்பர்ட் கூமாப்பட்டிக் கிறிஸ்தவப் பையன்.

கேள்விப்பட்டதும் என் மனதில் ஒரு சின்னத் திருப்தி எழுந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "எங்க அக்கா வரலாம், உங்க மக போகக்கூடாதான்னு கேக்கத்தான வந்திருக்கே? கேளு மாப்ளே. மூணு வாரமா நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்." அசரத்திடம் மறுபடியும் போயிருக்கிறார். பதில் மாறவில்லை. கழற்றிப் போட்ட மோட்டாருக்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். வேலையில்லாத கைகளோடு அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் மர்யமை உட்காரவைத்து, எங்கள் முன்னால் பேசினார். "மார்க்கத்துல இதுக்கு இடமில்லம்மா. எம்மகளுக்காக இடமிருக்குன்னு நான் புரட்டிச் சொல்ல மாட்டேன். பிள்ளைய அத்துவிடுன்னும் எம்மார்க்கம் எனக்குச் சொல்லல. நீ எப்பவும் எம்மகதான்."

"ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லுங்கத்தா" என்று மர்யம் அழுதாள். அவர் சொல்லவில்லை. அவருக்கும் அழுகை வந்தது.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பதிவானது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். மகளை ஸ்கூட்டரில் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்ட அத்தான், எதிர்ப்புற டீக்கடையில் நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தபோது ரோட்டைக் கடந்து வந்து, ஆல்பர்ட்டின் கையைப் பிடித்து, "மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல. உங்கம்மா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதற்காக அவருடைய அண்ணன் அவரோடு பேசுவதை விட்டார். வெள்ளிதோறும் அண்ணன் நிற்கும் வரிசையிலேயே போய் நின்று அத்தான் சலாம் சொல்வார். பதில் வராது. அடுத்த வெள்ளியும் சொல்வார். மூன்று வருடம் இப்படியே போனது.

அடக்கத்தன்று அந்த அண்ணன் வந்திருந்தார். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில், ஓரமாக நின்ற ஆல்பர்ட்டைத் திரும்பிப் பார்த்து, "ஏலே, அங்க என்ன நிக்கே? உங்க மாமாவ வந்து பிடி" என்றார். ஆல்பர்ட் ஓடிவந்து தோள் கொடுத்தான்.

அக்கா இப்போது இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே தங்கும் காலம் அது. யாரும் வற்புறுத்தவில்லை. வேதக்காரப் பெண்ணுக்கும் அது உண்டா என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தாள். போன வாரம் பார்க்கப் போனபோது கையில் ஜெபமாலை இருந்தது.

அத்தான் கடைசியாக என்னிடம் கேட்ட ஒன்றை அவளிடம் சொன்னேன். போன நோன்பில், அவளுடைய தவக்காலமும் சேர்ந்து வந்ததால் கறி போடாமல் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "மாப்ளே, மறுமையில நானும் உங்க அக்காளும் ஒரே இடத்துல இருப்போமா? உங்க பைபிள்ல என்ன போட்டிருக்கு?"

அக்கா சிரித்தாள். "எங்கிட்டயும் கேட்டாவ."

"நீ என்ன சொன்னே?"

"முன்னால போறவிய இடம் போட்டு வையுங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்னேன்."

அத்தானிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். எங்கள் பாதிரியாரிடம் கேட்டேன். அசரத்திடமும் போய்க் கேட்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்; இரண்டு பேரும் சொல்லிமுடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.