போஸ்டரின் அடியில் இருந்த பேர்

பாப்பா, போன மாசம் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா ஏம்ப்பா இப்பல்லாம் எங்ககிட்ட அவங்க பாஷையில பேச மாட்டேங்குறாங்க?" என்று கேட்டாய். தாத்தா இறந்த துக்கம், போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அது துக்கம் மட்டும் இல்லை. நான் செய்த ஒரு காரியமும் அதில் இருக்கிறது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. நீயும் தம்பியும் பொறுத்துப் படியுங்கள்.

ஆரப்பாளையத்தில் நம்ம மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் பக்கத்தில் அப்போது ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. உங்கம்மா அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மகால் பக்கத்து சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியில் தமிழ். நான் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீடு. ரெண்டு வீட்டுக்கும் சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணினோம். நம்ம வீட்டில் மட்டும் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். பொட்டை அழித்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வர வேண்டும் என்று என் அம்மா சொன்னார்கள். உங்கம்மா ஆறு மாசம் கோயில் வாசலிலேயே நின்றாள்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் கடையைத் திறக்கப் போனேன். ஷட்டரில் உங்கம்மா படம். ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம், ரெட்டை ஜடை. மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி. மறைவு என்று எங்கள் கல்யாணத் தேதி. எதிர் டீக்கடைச் சுவரில் ஒன்று, கரண்ட் கம்பத்தில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். வேற்று ஆளைக் கட்டிக்கொண்டு போன பெண்ணைச் செத்தவளாக்கி ஊருக்குத் தெரியப்படுத்துகிற வழக்கம் நம்ம பக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீக்கடையில் என் சேக்காளி நின்றுகொண்டிருந்தான். "மாப்ள, தாலி கட்டுன கையோட பொண்டாட்டியைப் பறிகுடுத்தவன் ஒலகத்துலேயே நீ ஒருத்தன்தாண்டா" என்றான். சிரிக்கவைக்கத்தான் சொன்னான். எனக்குக் கண்ணு தெரியாத கோபம். வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றி, நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ரெண்டு பேருமாக அம்புட்டையும் கிழித்து எடுத்தோம். நனைந்த காகிதத்தை உருட்டிச் சாக்கடையில் போட்டேன். அவள் முகத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.

அப்போது இதே திருநகரில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தோம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், உங்கம்மாவுக்கு யார் மூலமாகவோ விஷயம் தெரிந்திருந்தது. அழவில்லை.

"எல்லாத்தையும் கிழிச்சிட்டீங்களா?"

"ஒண்ணு விடலை."

"அடியில 'இப்படிக்கு'ன்னு பேரு போட்டிருப்பாங்கள்ல. எங்கப்பா பேரு இருந்துச்சா?"

நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நான் வாங்கி வந்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. "இல்லை" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"உங்கண்ணன் பேரு இருந்துச்சு. சித்தப்பா பேரு இருந்துச்சு. உங்கப்பா பேரு இல்லை."

அவள் அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ரெண்டு வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டாள். சாப்பிடுகிறாளே என்று எனக்கு நிம்மதி.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுத் தூணில் நாங்கள் விட்டுப்போன ஒரு போஸ்டர் கண்ணில் பட்டது. நின்று படித்திருக்கலாம். படித்தால், நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்துபோகும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையும் கிழித்தேன்.

அந்த ஒரு 'இல்லை'யை வைத்துக்கொண்டு உங்கம்மா இருபத்தோரு வருஷம் வாழ்ந்தாள். அண்ணன்தான் விரோதி, அப்பா உள்ளுக்குள் தன் பக்கம்தான் என்று நம்பினாள். தீபாவளிதோறும் காலையில் அவருக்குப் போன் போடுவாள். பேச மாட்டாள். அந்தப் பக்கம் அவர் யாரு யாரு என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். "அப்பா வைக்கவே இல்லீங்க. நாந்தான் வச்சேன்" என்று என்னிடம் வந்து சொல்வாள். அன்றைக்கெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் பார்க்க மாட்டேன்.

நீங்கள் பிறந்ததும் உங்களுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக் கொடுத்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? என்றைக்காவது தாத்தா கூப்பிடுவார், பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கக் கூடாது, அதற்குத்தான். தலை பின்னும்போதும் சோறு ஊட்டும்போதும் அதிலேயே பேசினாள். நான் "சாப்ட்டியா" என்பதை அதில் சொன்னால் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பாள். "காயில் சுத்துறவருக்கு நாக்கும் சுத்திக்கிருச்சு" என்று திருப்பித் திருப்பிச் சொல்லவைப்பாள்.

தாத்தா இறந்த செய்தியைக் கொண்டு வந்தது அதே சேக்காளிதான். போனில் போஸ்டர் படம் வந்திருந்தது. உங்கம்மா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அடியில் இருந்த பேர்களைப் படித்தாள். மகன், மருமகள், பேரன் பேத்தி. அவள் பேர் இல்லை.

"எம்பேரை எப்படிப் போடுவாங்க? போட்டா நான் உசுரோட இருக்கேன்னு ஆயிரும்ல" என்றாள். பிறகு, "அப்பா இருந்தா போட்டிருப்பாரு" என்றாள்.

உங்களை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் போனோம். தெருவில் பந்தல் போட்டிருந்தது. அவள் அண்ணன் வந்து மறித்தார். அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்புறம் அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"இவருக்கும் வெளங்கட்டும். இவ வந்தா உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் அப்பா கண்ண மூடுனாரு."

"அப்பா சொல்லியிருக்க மாட்டாருண்ணே. அவரு அன்னைக்கே போஸ்டர்ல பேரு போடச் சம்மதிக்கலை."

"யாரு சொன்னா?"

உங்கம்மா என் பக்கம் திரும்பினாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம்தான் நீட்டினார்.

"அப்பா பீரோவுல, வேட்டிக்கு அடியில இருந்துச்சு. மொத பேரு யாரு பேருன்னு சத்தமா படிங்க மாப்ள."

இருபத்தோரு வருஷத்தில் அந்த மனிதர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் படிக்கவில்லை. உங்கம்மா வாங்கிப் படித்தாள். மடிப்பு சரியாக அவள் முகத்தின் குறுக்கே விழுந்து படம் வெளுத்திருந்தது. அடியில் 'இப்படிக்கு'. அதற்குக் கீழே முதல் பேர் அவள் அப்பா பேர்.

பந்தலுக்குள் இருந்து ஒரு அம்மா "முகத்தை மட்டுமாவது பாத்துட்டுப் போகட்டுமே" என்று குரல் கொடுத்தார்கள். அண்ணன்கூட ஒதுங்கித்தான் நின்றார். உங்கம்மா காகிதத்தை மறுபடி அதே மடிப்பில் மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "செத்தவ எப்படிண்ணே எழவு வீட்டுக்குள்ள போறது?" என்று தமிழிலேயே சொன்னாள். என்னிடம், "வண்டிய எடுங்க" என்றாள்.

திருநகர் வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்: "அன்னைக்கு நீங்க படிக்கவே இல்லையா?"

"படிக்கலை."

"ஒரு தடவைகூடவா?"

"இல்லை."

திட்டியிருந்தால் தேவலை. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். அன்றைக்கு ராத்திரி நீங்கள் சாப்பிட்ட சாதம் அதுதான்.

பேரைப் போட்டவர் அந்தக் காகிதத்தை ஏன் இத்தனை வருஷம் வேட்டிக்கு அடியில் வைத்திருந்தார், தீபாவளிக்குப் போனை ஏன் வைக்காமல் இருந்தார் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அவளிடம் ஒரு தடவை சொல்லவும் சொன்னேன். "இனிமே நீங்க எனக்கு எதையும் படிச்சுச் சொல்ல வேணாம்" என்றாள்.

இப்போது அந்தப் போஸ்டர் நம்ம பீரோவில், அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. தெரியாமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் அவளை எடுத்த படம் என்று நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நீங்கள் அவளிடம் அந்தப் பாஷையிலேயே பேசுங்கள். பதில் தமிழில் வந்தாலும் விடாமல் பேசுங்கள். நேற்று நானும் பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அந்த "சாப்ட்டியா"வைத்தான் கேட்டேன், எப்போதும் போலத் தப்பும் தவறுமாக. அவள் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "சாப்பிட்டேன்" என்று தமிழில் சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டாள்.