இராசலிங்கத்தாரின் யுத்த அனுபவம்

கெல்சென்கிர்ச்சன் நகரில் அந்த நான்கு வீட்டுக் கட்டடத்தின் முதல் மாடியில் இராசலிங்கத்தார் குடியேறி இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது. அத்தனை காலமும் மாடிப்படியில் அவரைக் கண்டவர்கள் "ஹலோ" என்றார்கள். அவரும் "ஹலோ" என்றார். உறவு அதற்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் பயம் பிடித்தது. இராசலிங்கத்தாருக்கு நல்ல காலம் பிறந்தது.

பயம் எந்தப் பக்கத்தால் வந்தது என்று சொல்வது கஷ்டம். மாலையானால் தொலைக்காட்சியில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நாடு இரண்டாகப் பிளக்கிறது என்றார்கள். எந்த இடத்தில் பிளக்கிறது என்பதில் மட்டும் அந்த நாலு பேருக்குள் ஒற்றுமை இல்லை. வீட்டில் சில நாட்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து வையுங்கள் என்று அரசாங்கம் அமைதியாக ஆலோசனை சொன்னது. அமைதியாகச் சொன்னதால்தான் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள்.

இரண்டாம் மாடி ஹெர் ப்ரூகமான் காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று வாழ்நாள் முழுவதும் சனத்துக்குச் சொல்லி, ஆபத்து வந்தபின் அது ஏன் ஒப்பந்தத்தில் அடங்காது என்று கடிதம் எழுதிய மனிதர். வெளிநாடுகளிலிருந்து வந்து குவிகிற புது ஆட்கள்தான் ஒருநாள் தெருவில் இறங்கப் போகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. மூன்றாம் மாடி ஃப்ராவ் லெஹ்னர்ட் பாட்டு ரீச்சராக இருந்த அம்மா. சனிக்கிழமைகளில் மெழுகுதிரியோடு சதுக்கத்தில் போய் மனித நேயத்துக்காக நிற்பவர். ப்ரூகமானைப் போன்றவர்கள்தான் தெருவில் இறங்கப் போகிறார்கள் என்பது இவருடைய கணிப்பு. கடிதப் பெட்டியில் யாரோ ஒட்டிய கட்சி ஸ்டிக்கர் ஒன்றின் காரணமாக இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. ஆனால் இருவரும் ஒரே கடையில் ஒரே நூடில்ஸைத்தான் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை இராசலிங்கத்தார் எசன் நகரத் தமிழ்க் கடையில் மலிவு போட்டிருந்த அரிசி மூட்டைகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். மலிவு போட்டால் அள்ளிக்கொண்டு வருவது அவருக்கு வழக்கம். ப்ரூகமான் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணெடுத்துப் பார்த்தார். மூட்டைகளையும் பார்த்தார், மனிதரையும் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, உங்கள் நாட்டில் நீங்கள் இப்படி ஒன்றைக் கண்டவர் அல்லவா என்று கேட்டார்.

இராசலிங்கத்தார் ஒரு கணம் யோசித்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாகத்தைத் தொடங்கி வைத்தது.

உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் முதல் குண்டு விழுவதற்கு வெகு முன்பே, கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர் அவர். கண்ட யுத்தமெல்லாம் கடைக்கார வசந்த்குமாரோடு, எந்த இயக்கம் எந்த இடத்தில் பிழைவிட்டது என்று கல்லாவடியில் நின்று தர்க்கப்பட்ட யுத்தம்தான். அதிலும் பெரும்பாலும் தோற்றுத்தான் வீட்டுக்கு வருவார். யுத்தத்தைக் கண்டவள் அவருடைய மனைவி ஜெயமலர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலியாணம் பேசி ஊரிலிருந்து வந்தவள். அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. கேட்டால் மனம் நோகும் என்று இராசலிங்கத்தார் முதலில் கேட்காமல் விட்டார். பிறகு கேட்காததே பழகிப்போய்விட்டது.

ப்ரூகமான் மேல்மாடிக்குப் போய், இரண்டு வருடத்துக்குப் பிறகு லெஹ்னர்ட்டின் மணியை அடித்தார். கட்டடத்துக்குள்ளேயே ஒரு நிபுணர் இருக்கிறார் என்றார். ஒருவருக்கு ஒருவர் பயந்த இரண்டு பேரும் பயத்தின் பேரில் சமாதானமானார்கள். பாதுகாப்புக் குழு ஒன்று பிறந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அது இராசலிங்கத்தாரின் வரவேற்பறையில் கூடியது. அங்கே ரோல்ஸும் தேத்தண்ணியும் கிடைத்தன என்பதும் ஒரு காரணம்.

இராசலிங்கத்தாருக்குக் கதிரையின் நுனியில் இருந்து பேசப் பிடித்தது. நாற்பது வருடமாக இந்த நாட்டில் அரசாங்கக் கந்தோர்க் கதவுகளின் முன்னால் Termin என்ற நேரக்குறிப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தவர் அவர். இப்போது இரண்டு ஜெர்மன்காரர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கலவரம் எந்தப் பக்கத்தால் தொடங்கும் என்று ப்ரூகமான் படியில் தனியாக மறித்துக் கேட்டபோது, நீங்கள் நினைக்கிற பக்கத்தால்தான் என்றார். லெஹ்னர்ட் தனியாகக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். இருவரும் அவருடைய தீர்க்கதரிசனத்தை மெச்சினார்கள்.

ஒரு ஞாயிறு குண்டுக்குப் பதுங்கும் பங்கர் பற்றிப் பாடம் நடந்தது. பங்கருக்குப் படிகள் எப்படி, மேலே பனங்குற்றிகள் எப்படி என்று சொல்லிக்கொண்டு வந்தவர், வேகத்தில் ஒரு விதியையும் உண்டாக்கினார். கதவை ஒருதரம் பூட்டினால் பூட்டினதுதான். வெளியே யார் நின்று தட்டினாலும், அபாயம் நீங்கியது என்று அறிவிக்கும்வரை திறக்கக் கூடாது. ஒருவருக்காகத் திறந்தால் எல்லோருக்கும் ஆபத்து. ப்ரூகமான் கண்ணை மூடிக்கொண்டு அதை மனத்தில் பதித்தார். வாழ்நாள் முழுவதும் அவர் தேடிய வாக்கியம் அது.

ரோல்ஸ் தட்டோடு வந்த ஜெயமலர் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தாள். தமிழில், தணிந்த குரலில்.

"பங்கருக்குக் கதவு இருக்கேல்லையப்பா. ரோட்டாலை போறவையும் வந்து குதிப்பினம். அதுக்குத்தான் திறந்து விடுறது."

"நீர் சும்மா இரும். இது இவைக்குத் தோதா ஒரு கதை."

அவள் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். மனைவி சில நுணுக்கங்களை நினைவூட்டுகிறாள் என்று இராசலிங்கத்தார் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

நிலவறையின் பெரிய அறைக்கு இரும்புக் கதவு போட்டார்கள். தண்ணீர்ப் போத்தல்களும் நூடில்ஸும் மெழுகுதிரிகளும் உள்ளே போயின. வீடுகள் நான்கு. ஆனால் அந்தப் பூட்டுக்குத் திறப்பு வெட்டியது மூன்று. தரைத்தளத்தில் இந்த வசந்தகாலத்தில்தான் ரீமா என்ற சிரியாப் பெண் இரண்டு வயதுப் பிள்ளையோடு குடிவந்திருந்தாள். அவளிடம் யார் யார் வந்து போவார்களோ தெரியாது, எனவே திறப்புக் கொடுக்க ஏலாது என்றார் ப்ரூகமான். பாவம், பட்ட காயம் ஆறாதவள், இந்தப் பேச்சையெல்லாம் அவள் காதில் போட்டு மனத்தைக் குழப்ப வேண்டாம் என்றார் லெஹ்னர்ட். ஒருவர் வெறுப்பாலும் மற்றவர் இரக்கத்தாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பிறகு இருவரும் நிபுணரைப் பார்த்தார்கள்.

ரீமா பின்னேரங்களில் ஜெயமலரோடு முற்றத்து மர வாங்கில் உட்கார்ந்து மரக்கறி வெட்டுவாள் என்பது இராசலிங்கத்தாருக்குத் தெரியும். அந்தப் பிள்ளை தன்னைக் கண்டால் ஓடிவந்து காற்சட்டையைப் பிடிக்கும் என்பதும் தெரியும். அவளுக்கும் கொடுப்போம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி ஹலோவுக்குப் போக வேண்டியிருக்கும். அவர் தலையாட்டினார். மூன்றாவது திறப்பு அவர் கைக்கு வந்தது. அன்று படுக்கப் போகும்போது அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். ஜெர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்த அன்றுகூட அவர் அப்படிச் செய்யவில்லை.

செப்டெம்பரில் நாடு முழுவதும் சைரனை ஒலிக்கவிட்டுச் சோதிக்கிற நாள் ஒன்று உண்டு. ஒலித்து, முக்கால் மணி நேரத்தின் பின் அபாயம் நீங்கியது என்று அறிவிப்பார்கள். அன்றைக்கே நமது ஒத்திகையையும் வைப்போம் என்று குழு முடிவெடுத்தது. செய்தி குழுவின் வாட்ஸ்அப்பில் போனது. ரீமா குழுவில் இல்லை. ஜெயமலருக்கு வீட்டில் சொல்வதாக இராசலிங்கத்தார் ஒப்புக்கொண்டார். முன்னைய வருடங்களில் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மெஷின்களின் இரைச்சலுக்குள் நின்றதால் இந்தச் சைரனைக் கேட்டதே இல்லை. முழங்கால் நோவால் இந்த வருடம்தான் வேலையை விட்டிருந்தாள். இராசலிங்கத்தார் அன்று காலை எந்தச் சட்டை போடுவது என்பதில் மினக்கெட்டார். மனைவிக்குச் சொல்ல மறந்துபோனார்.

சைரன் கிளம்பியது. கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தின. குழு ஒழுங்காகப் படியிறங்கி நிலவறைக்குள் போனது. திறப்பைப் போட்டுப் பூட்டும் கௌரவம் நிபுணருக்குக் கிடைத்தது. லெஹ்னர்ட் ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினார். முதல் வாய் குடிக்கும்போது, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டார்.

அப்போதுதான் இராசலிங்கத்தாருக்கு அப்படி ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்தது.

நிலவறையில் தரை மட்டத்தில் கம்பி போட்ட சிறு யன்னல் ஒன்று இருந்தது. அதால் முற்றம் தெரிந்தது. உடுப்புக் கொடியில் பாதி போட்ட போர்வை ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே, குப்பைத் தொட்டிகளின் சுவரோடு ஒட்டி, ஜெயமலர் குப்புறக் கிடந்தாள். அவளோடு ஒட்டி ரீமா கிடந்தாள். இருவரும் காதுகளைப் பொத்தி, குண்டு வெடித்தால் செவி கிழியாதபடி வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பழகியதும் அலெப்போவில் பழகியதும் ஒன்றாகவே இருந்தன. பிள்ளை இரண்டு பேரின் நடுவில் கிடந்தது, அதன் சின்னக் கால் ஒன்று மட்டும் தெரிந்தது. ஜெயமலரின் ஒரு செருப்பு முற்றத்தின் நடுவில் கிடந்தது. முழங்கால் மடங்காதவள் அவ்வளவு தூரம் எப்படி ஓடினாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

அவர் கோப்பியை வைத்துவிட்டு எழும்பினார். திறப்பை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். ப்ரூகமான் முன்னால் வந்து புன்னகையோடு தலையசைத்து மறுத்தார். யார் நின்று தட்டினாலும் திறக்கக் கூடாது என்று நிபுணரின் விதியை நிபுணருக்கே ஒப்புவித்தார். நிபுணர் தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்து, அதில் தேறிய சந்தோசத்தில் இருந்தார் அவர். லெஹ்னர்ட் யன்னலால் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"என்ன தத்ரூபம். வெளியே அகப்பட்டவர்களையும் ஏற்பாடு செய்திருக்கிறீர்களே" என்றார்.

இந்த விதி நான் அவிழ்த்துவிட்டது, நான் யுத்தத்தைக் கண்டதில்லை, கண்டவள் அங்கே மண்ணில் கிடக்கிறாள் என்று சொல்வதற்கு ஜெர்மனில் பெரிய வித்துவம் தேவையில்லை. இராசலிங்கத்தாருக்குத் தெரிந்த ஜெர்மன் தாராளமாகப் போதும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு முகங்களும் மரியாதையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கோப்பியைக் கையில் கொடுத்தார்கள். குடித்தார்.

யன்னல் பக்கம் அவர் பிறகு பார்க்கவில்லை. அபாயம் நீங்கிய அறிவிப்பு வந்ததும் கதவைத் திறந்து, முதல் ஆளாக முற்றத்துக்கு ஓடினார். போர்வை மண்ணில் விழுந்து கிடந்தது. செருப்பு அப்படியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடியேறித் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அது உள்சங்கிலியில் தடுக்கி நாலு விரல் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளே பிள்ளை சிணுங்குவதும் ரீமா அரபியில் தாலாட்டுவதும் கேட்டன. இடுக்கில் ஜெயமலரின் முகம் வந்தது. நெற்றியில் மண் இருந்தது.

"மலர், திறவும். அது சும்மா ஒத்திகை. நான் சொல்ல மறந்துபோனன்."

"நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"கீழை."

"கதவைப் பூட்டிக்கொண்டோ?"

அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

"யன்னலுக்குள்ளாலை உங்கடை முகத்தைக் கண்டனான்" என்றாள் ஜெயமலர். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். குரலில் கோபம் இல்லை. "ஆர் தட்டினாலும் அபாயம் நீங்கினாப் பிறகுதானே திறக்க வேணும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது நீங்கிட்டுதே. அறிவிச்சவங்கள்."

"உங்களுக்கு நீங்கியிருக்கும்" என்றாள். "எனக்கு இன்னும் நீங்கேல்லை."

கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

ப்ரூகமான் வெறும் கோப்பி ஃபிளாஸ்கோடு படியேறி வந்தார். நிபுணர் தன் வீட்டு வாசலில் ஒற்றைச் செருப்போடு நிற்பதைக் கண்டு, ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். ஒத்திகை நடக்கிறது என்றார் இராசலிங்கத்தார். ப்ரூகமான் மெச்சிவிட்டு மேலே போனார்.

அவர் போனபின் இராசலிங்கத்தார் திறப்புக் கோர்வையிலிருந்து நிலவறையின் திறப்பைக் கழற்றினார். குனிந்து, கதவுக்கு அடியால் உள்ளே தள்ளிவிட்டார். அது ரீமாவுக்கு என்று சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லத் தேவையில்லை என்று பட்டது. உள்ளே யாரோ வந்து அதை எடுக்கும் சத்தம் கேட்டது. சங்கிலி கழலும் சத்தம் கேட்கவில்லை.

செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அவர் படியில் உட்கார்ந்தார். ஜெயமலருக்கு அபாயம் நீங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக அவளோடு வாழ்ந்தும், அதை ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.