ஜெனரேட்டர் ரூம் தேசிங்கு

தேசிங்கு போய்விட்டான். காலையில் கவரைப்பேட்டையில் அவன் மெக்கானிக் ஷெட்டிலேயே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அவன் மச்சான் போன் செய்தபோது நான் ரயிலில் இருந்தேன். எந்த ஸ்டேஷனில் இறங்கினேன் என்றே தெரியவில்லை, பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஷிஃப்ட் இன்சார்ஜ், அவன் டீசல் மெக்கானிக். ஆபீஸ் ஆட்கள் இருந்தால் "சார்" என்பான், டீக்கடையில் "இன்னாபா".

ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றும் நாளில் அவனிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. புது ஃபில்டரில் கழுத்துவரை எண்ணெய் ஊற்றி, அது ஊறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மாட்டுவான்.

பிறகு ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல் இன்ஜினை வெறுமனே சுற்றவிடுவான். ஆயில் பிரஷர் முள் எழுந்தால்தான் ஸ்டார்ட். அதற்கப்புறமும் ஐந்து நிமிடம் லோடு கிடையாது, மில்லுக்குக் கரண்ட் விடமாட்டான்.

மேனேஜர் ஒருமுறை அவசரப்படுத்தினார். "தூங்கி எழுந்ததும் உங்கள ஓடச் சொன்னா ஓடுவீங்களா சார்? எண்ணெ மேல போவட்டும். அதுக்குள்ள ஓட்டுனா இரும்பும் இரும்பும்தான் தேயும்" என்றான். லிவரிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

அந்த மத்தியானம்... இதை எப்படி எழுதுவது.

ஆயில் மாற்றி, ஃபில்டரை மாட்டிவிட்டு, "காலைல நாஷ்டா கூட துன்னல. ரெண்டு வாய் துன்னுட்டு வந்துடறேன், அதுவரைக்கும் கை வெக்காத" என்று போனான்.

அவன் போனதும் கரண்ட் போனது. ஃபர்னஸுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் நின்றுவிட்டது, மேனேஜர் போனில் கத்துகிறார். நான் நேராக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, உடனே லோடும் கொடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு எச்சில் கையோடு ஓடி வந்தான். "பிரஷர் ஏறிச்சா?"

"பாத்துட்டுதான் போட்டேன்" என்றேன். முள் பக்கமே நான் திரும்பவில்லை.

நாலாம் நாள் இன்ஜினின் டர்போ சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கழற்றிப் பார்த்த சர்வீஸ் ஆள், எண்ணெய் ஏறாமல் ஓடியிருக்கிறது என்றார்.

விசாரணையில் தேசிங்கு என்ன சொன்னான் தெரியுமா? "சார் பிரஷர் பாத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணாரு. அவர் மேல தப்பு இல்ல."

அப்படியென்றால் ஃபில்டரைக் காலியாக மாட்டியது இவன்தான் என்று முடிவு கட்டி வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்குக் குடும்பம் இருக்கிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்கும்தான் இருந்தது.

போன தீபாவளிக்கு முன்னால் ஷெட்டுக்குப் போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவனே ஆரம்பித்தான்.

"அன்னிக்கு ஃபில்டர்ல எண்ணெ ஊத்துனேனாபா? ஊத்துன மாதிரிதான் கீது... ஆனா இப்ப எனக்கே சந்தேகமா கீது. ஊட்ல அவளும் கேக்குறா. நீதான பக்கத்துல நின்னுக்கினு இருந்த?"

"ஞாபகம் இல்ல தேசிங்கு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். பாவி நான்.

நாளை காலை எடுக்கிறார்கள். பழைய மில் ஆட்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு வாருங்கள், என்னை என்ன செய்தாலும் சரி.

யாராவது அவன் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை... கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ ஊத்துன தேசிங்கு. நான் பாத்தேன்.

போய்ட்டு வாப்பா...