அப்பாவின் வலது தோளும் என் பயமும்

எங்கள் அப்பாவை வழியனுப்பி ஓராண்டாகிறது. அன்று எங்களோடு நின்ற உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம். மூத்த மகளாகிய நான் எதற்கெடுத்தாலும் பயப்படுபவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில் ஒரு சந்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தேனாம்பேட்டையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து, இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார். வேலை விட்டால் தெருக் கோவில்தான். அம்மன் வீதியுலாவில் பல்லக்கின் முன்கம்பு எப்போதும் அவருடைய வலது தோளில் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திருவிழா முடிந்ததும் அந்தக் கை மேலே எழவில்லை. முதுகில் தோள்பட்டை எலும்பு சிறகு போலப் புடைத்து நின்றது. அம்மனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று எண்ணி, வலியை மறைத்து அடுத்த ஆண்டும் தூக்கினார். சட்டை மாட்ட முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

பாரம் அழுத்தி நரம்பு செத்து, எலும்பைப் பிடித்திருக்கும் தசை செயலிழந்துவிட்டது என்றார் டாக்டர். மார்புத் தசையின் ஒரு பகுதியைப் பிரித்து, தொடையிலிருந்து எடுத்த தசைநாரால் நீட்டி, தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் தைக்க வேண்டுமாம். தையல் பிடிக்காவிட்டால் இருக்கும் பலமும் போய்விடும் என்றார். வேண்டாம் என்றேன் நான். அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரம் கையை உடம்போடு கட்டி வைத்திருந்தார்கள். அவர் இருமினால்கூடத் தையல் பிரிந்ததோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டைப் பிரித்துச் சில வாரம் கழித்து டாக்டர், "கும்பிடற மாதிரி உள்ளங்கையை அழுத்துங்க, அப்படியே தூக்குங்க" என்றார். கை நடுங்கி நடுங்கிக் காதுவரை எழுந்தது. அம்மா அழுதார். தோளில் மறுபடி பாரம் ஏறினால் தைத்த நார் பிய்ந்துவிடும் என்று டாக்டர் அடுத்துச் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பல்லக்குத் தூக்க யாராவது கூப்பிட்டால் அப்பா போய்விடுவார். அதனால் அவருக்குத் தெரியாமல், தூக்குபவர்களுக்குத் தலைவரான கன்னியப்பன் மாமாவிடம் போய்க் கெஞ்சினேன்.

"அண்ணன் வாசல்லயே நின்னுக்கினு இருக்கும்மா. பாத்தும் கூப்புடாம எப்டி போறது?" என்று தயங்கியவர், கடைசியில் சரி என்றார்.

அதன்பின் ஒவ்வொரு திருவிழாவிலும் அப்பா குளித்து, துண்டோடு வாசலில் நின்றார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறை உள்ளே வந்து என்னிடம், "எல்லாரும் என்னை மறந்துட்டாங்கம்மா" என்றார். உண்மையைச் சொன்னால் ஓடிப்போய்க் கம்பைப் பிடிப்பாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி இரண்டு நாளிலும் நான் சொல்லவில்லை.

சிகிச்சை செய்த டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த உறவினர்களுக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோன அப்பாவின் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் மறக்கவில்லை, அப்பா. கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான்.