அண்ணா பாயாத மதில்

இன்று காலை பல்லாரோச் சந்தைக்குப் போகும் வழியில், அல்பெர்கேரியாச் சந்தொன்றில் சில இளசுகள் சுவரில் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். சந்து முழுக்கப் பெயின்ற் மணம். வெங்காயம் வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பெயின்ற் மணத்தோடு பெர்லின் மதில் வரும்; மதிலோடு அண்ணா வருவார்.

தொண்ணூறுகளில் நான் இங்கே, இத்தாலியின் தெற்குத் தீவில், ஒரு வீட்டுக்கார அம்மாவிடம், சிஞ்ஞோராவிடம், வீட்டுவேலை செய்தேன். அண்ணா பெர்லினில் கோப்பை கழுவினார். அகதிக் கேஸ் முடியும்வரை அவர் ஜெர்மனியை விட்டு வெளியே வர முடியாது. எனக்கு அங்கே போக விசா தரமாட்டார்கள். ஊரில் பிரிந்தபின் ரெலிபோனில்தான் அண்ணன் தங்கச்சி. பிறகு ஒருநாள் சட்டம் மாறி, இத்தாலியின் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, இருந்தாலே ஜெர்மனிக்குப் போய்வரலாம் என்றார்கள். அந்தக் கிழமையே லீவு கேட்டேன். சிஞ்ஞோரா ஒரு பெட்டி பாதாம் இனிப்பும் தந்து அனுப்பினார்.

ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டுவதைப் பற்றித் தனியாக எழுதலாம், விடுங்கள். எல்லையில் ஏறிய பொலிஸ்காரன் என் பெர்மெஸ்ஸோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இறக்கிவிடப்போகிறான் என்றே நினைத்தேன். தந்துவிட்டுப் போய்விட்டான்.

பெர்லினில் இறங்கினால், அண்ணாவுக்குப் பாதித் தலை வழுக்கை. அழத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாளே மதிலைக் காட்டச் சொன்னேன். காரணம் இருந்தது. அண்ணா அந்த மதிலில் ஏறிப் பாய்ந்துதான் மேற்குக்குப் போனதாக அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தா. நான் அதைச் சிஞ்ஞோராவுக்கும் சொல்லி, அவர் சிலுவைக்குறி போட்டிருந்தார்.

இடிக்காமல் விட்டிருந்த மதில் நெடுக ஒரே படங்கள். சின்னப் பிள்ளைகள் ஐஸ்கிறீமோடு ஓடித் திரிந்தார்கள். ஒருத்தி ஏணியில் நின்று, மங்கிய படமொன்றுக்குத் திரும்ப நிறம் பூசிக்கொண்டிருந்தாள்.

"எந்த இடத்தாலை அண்ணா பாய்ஞ்சனீங்கள்?"

"ஆர் பாய்ஞ்சது? எனக்கு வேலி பாயவே தெரியாது. கிழக்கிலை பிளேனாலை இறங்கி, டிக்கெட் எடுத்து ரயிலிலை மற்றப் பக்கம் வந்தனான். எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான்."

"அதை அம்மாட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். அவவுக்குப் பாய்ஞ்சதுதான் பிடிச்சுது."

நான் சிரித்த சிரிப்பில் ஏணிக்காரி திரும்பிப் பார்த்தாள். மதிலடிப் புல்லில் உட்கார்ந்து சிஞ்ஞோராவின் இனிப்புப் பெட்டியைத் திறந்தோம். அண்ணா ஒரு இனிப்பை எடுத்துக் கடித்தார்.

"அண்டைக்கு ரயிலிலை தலை நிமிரவே பயம், பிள்ளை. ஆரும் தோளிலை தட்டி இறக்கிப்போடுவாங்களெண்டு. இப்ப பார், உன்னோடை இருந்து இனிப்புத் தின்னுறன்."

இப்போது என் மகள் நினைத்தவுடன் பிளேன் ஏறி மாமாவிடம் போகிறாள். போன கோடையில் அந்த மதிலடியில் நின்று வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, இதிலை எந்தப் பக்கம் மேற்கு?"

"எனக்கென்ன தெரியும்? மாமாவைக் கேள்."

அவளுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணா மதிலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் புதுக் கட்டிடங்கள்.

"பொறு பிள்ளை," என்றார், "யோசிச்சுச் சொல்லுறன்."