ராணி கொடுத்த பாதி ஆயுள்

நான் செல்போனில் தொடர்கதை எழுதுகிறவள். மாய மந்திரமும் ராஜா ராணி காதலும் கலந்த சரித்திரக் கதை. சரித்திரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பட்டுத்திரையும் பன்னீரும் இருந்தால் என் வாசகிகள் வேறொன்றும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊர் குருவிநத்தத்தில் உலை கொதிக்கிற நேரத்துக்குள் ஒரு அரண்மனையைக் கட்டி முடித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் கரும்பும் நெல்லும் பயிர் வைத்தவர். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பிறகு எதையும் படித்ததில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். பொழுது போகாமல்தான் என் கதையைக் கையிலெடுத்தார்.

"இன்னாடி, உன் ராஜா எப்பப் பாத்தாலும் பூந்தோட்டத்துலயே நிக்கிறான்? ஏரி மதக யாரு பாக்குறது?"

"அதுக்கெல்லாம் ஆளுங்க இருக்காங்க."

"ஆள நம்பி ஏரிய வுட்டா அவன் இன்னா ராஜா?"

அடுத்த அத்தியாயத்தில் ராஜாவை ஏரிக்கரைக்கு அனுப்பிவைத்தேன். வாசகிகளுக்குப் பிடிக்கவில்லை. இவருக்கு வாயெல்லாம் பல்.

ஒருநாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, வேறு சிறுநீரகம் வைத்துவிட்டால் நல்லது, குடும்பத்தில் யாராவது கொடுப்பீர்களா என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே ரத்த வகை. என் பிரசவ சமயத்திலேயே இருவருக்கும் தெரியும். நான் மேசைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டு, "அவரு தம்பியக் கேட்டுப் பாக்குறோம் சார்" என்றேன். இவரும் தலையை ஆட்டினார்.

தம்பி முடியாது என்றுவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. எங்கள் பெண்கள் இரண்டும் சின்னதுகள், எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஆபரேஷன் என்று நினைத்தாலே எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அந்த வாரமே கதையில் ஒரு மாயக்காரி ராஜாவுக்கு விஷம் வைத்தாள். நிறைந்த சபையில் ஒரு சித்தர் வந்து, யாராவது தன் ஆயுளில் பாதியைத் தந்தால் ராஜா பிழைப்பான் என்றார். மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். ராணி சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, "என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். கண்கூட இமைக்கவில்லை. வாசகிகள் அழுது தீர்த்தார்கள். அத்தனை பாராட்டு நான் அதுவரை வாங்கியதில்லை. வெட்கங்கெட்டவள், ஒன்று விடாமல் படித்து மகிழ்ந்தேன்.

அவரும் படித்தார், கையில் ஊசியோடு. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த ராணி பயப்படவே இல்லியே, ஏன்?"

"கதைதானங்க."

"கொஞ்சம் பயந்தாப்புல எழுதுடி. பயந்தா இன்னா தப்பு? அவளும் மனுஷிதான."

பாத்ரூமுக்குப் போகிறவள்போல எழுந்து போய் அழுதேன். திரும்பி வந்தாவது, நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றுதான் சொன்னேன்.

கார்த்திகையில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அவர் போய்விட்டார்.

மாதக்கணக்கில் நான் எதுவும் எழுதவில்லை. பிறகு அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்து மாற்றி எழுதினேன். சித்தர் கேட்கிறார். ராணிக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. வாயைத் திறக்கவே இல்லை. ராஜா அவளைக் கோபமில்லாமல் பார்த்தபடியே சாகிறான்.

வாசகிகள் பொங்கிவிட்டார்கள். "இவளெல்லாம் ஒரு ராணியா?" "கல்நெஞ்சக்காரி." "இத்தனை நாள் காதலிச்சதெல்லாம் நடிப்பா?" எல்லாவற்றையும் படித்தேன். ஒருத்திகூட அவளுக்காகப் பரிந்து பேசவில்லை. பேசியிருக்கக்கூடிய ஒரே ஆளை நான்தான் சாகவிட்டேன்.