வாசலுக்கு வராத சரக்கு

போன வியாழக்கிழமை காலை விமான நிலையச் சரக்கு முனையத்தில் வரிசையில் நின்றிருந்தபோது கோமதி மேடத்தின் மகள் அழைத்தாள். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பேச வராது. "அங்கிள், அம்மா இக லேரு" என்றாள் தெலுங்கில். அம்மா இனி இல்லை. பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் வரிசை நகர்ந்துவிட்டது தெரிந்தது.

கோமதி மேடம் சுங்கத் துறையில் மதிப்பீட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இறக்குமதியாளர்களுக்காக அவர் முன்னால் பத்திரங்களோடு நிற்கும் முகவர். இருவர் வீடும் ஏ.எஸ்.ராவ் நகரில்தான், ஆனால் அலுவலகத்தில் மேசைக்கு எதிரெதிர்ப் பக்கம். இதைப் படிக்கும் சுங்கத் துறை நண்பர்களே, கூடவே வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கண்டிப்பு தெரியும். அதை எதிரில் நின்று வாங்கிக்கொண்டவன் நான்.

அவர் பணியில் இருந்தபோது ஒருமுறை, போலாரம் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு இதயத்தைப் பார்க்கும் எக்கோ கருவி வந்திருந்தது. அதே கருவி முந்தைய வருடம் மென்பொருளோடு சேர்ந்து ஒரு விலைக்கு வந்தது. இந்த முறை பாதி விலை. மென்பொருளை மருத்துவமனை இணையத்தில் தனியாக வாங்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். இணையத்தில் வருவதற்குச் சுங்கத் தீர்வை கிடையாது.

"மீதிப் பாதி எந்த வாசல் வழியா வருது, நடராஜன்?"

"இன்டர்நெட்ல, மேடம்."

"மெஷினுக்குள்ளயே ஏத்தி அனுப்பலைன்னு நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இறக்குமதியாளர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். உள்ளே இருந்தால் நான் கொடுத்தது பொய் விவரம். உரிமம் போய்விடும்.

"பெட்டியப் பிரிங்க. பிளக்ல சொருகிப் பாத்துருவோம்."

பிரித்துக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து டாக்டர் அழைத்தார். பழைய கருவி பழுதாகி, நோயாளிகளை நகரத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று கத்தினார். மேடம் கைபேசியைக் கேட்டு வாங்கினார். அரை மணி நேரம் கொடுங்கள், தவறில்லை என்றால் நானே அனுப்புகிறேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

கருவிக்குள் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு நீலமானது. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கடைசியில் ஒரு வரி வந்தது: மென்பொருள் இல்லை, இணையத்தோடு இணைக்கவும்.

நான் மூச்சு விட்டேன். மேடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அனுமதிக் கையெழுத்துப் போட்டார்.

"தப்பு ஒண்ணும் இல்லை. அதான் எனக்குப் பயமா இருக்கு."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அதிகாரிகளும் வணிகர்களும் கூடும் கூட்டம். மேடம் எழுந்து பேசினார். "புத்தகம், படம், டிசைன், மென்பொருள் எல்லாம் பெட்டியில வந்த காலத்துல நாம தீர்வை வாங்கினோம். இப்ப அதெல்லாம் வாசலுக்கே வரதில்லை. நம்மளவிடச் சின்ன நாடுகள்ல வாசல்ல வாங்குற தீர்வையிலதான் பள்ளிக்கூடம் நடக்கு. யாரையும் குத்தம் சொல்லலை. எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சாத்தான் வேற வழி யோசிக்க முடியும். பழைய விலையும் புது விலையும் உங்ககிட்ட இருக்கு. யாராவது எழுதித் தருவீங்களா?"

அந்த இரண்டு விலைகளும் என்னிடம் இருந்தன. பக்கத்து நாற்காலியில் என் பெரிய வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். மாதாப்பூரில் அலுவலகம் வைத்து, மென்பொருளையெல்லாம் இணையத்திலேயே வரவழைப்பவர். "பேசாம இருங்க" என்று என் முழங்கையைத் தொட்டார். இருந்தேன். அறையில் ஒரு கைகூட உயரவில்லை. மேடம் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அவர் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை, திரும்பியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் மன்னிப்புக் கேட்கப் போனேன். "உங்க பிழைப்பு அது. கோவமெல்லாம் இல்லை" என்றார். "ஆனா நான் திரும்பவும் கேப்பேன்."

ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் சும்மா இருந்தேன்.

எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய அந்தப் பிடிவாதம்தான். வருகிற திங்கட்கிழமை மறுபடியும் கூட்டம். பழைய விலை, புது விலை இரண்டையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, நேற்றே சுங்க அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். வாடிக்கையாளர் காலையிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் எடுக்கவில்லை.